பெட்டி ஒன்றுதான், உள்ளே இருப்பதுதான் வேறு!

“தம்பி, நாலு பெட்டியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கு. விலை மட்டும் ஏன் இப்படி ஏறி இறங்குது?”

தேக்காவில் மளிகைக் கடை நடத்தும் குடும்ப நண்பர் விலைப்பட்டியல்களை மேசையில் பரப்பிவைத்துக் கேட்டார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு கடையில் தொடங்கியவர் இன்று மூன்று கடை, உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு கிடங்கு என வளர்ந்துவிட்டார். கல்லா இயந்திரம், கண்காணிப்புக் கேமரா, வைஃபை எல்லாவற்றையும் இணைக்க ‘நெட்வொர்க் ஸ்விட்ச்’ வேண்டும். அலுவலக அலமாரிகளில் விளக்குகள் மினுக்க, கேபிள்கள் செருகியிருக்குமே, அந்தத் தட்டையான பெட்டிதான்.

மேசையில் சிஸ்கோ, அரூபா, ஜூனிபர் என மூன்று புதியவை. நான்காவது, யாரோ பயன்படுத்திக் கழித்த பழைய ஸ்விட்ச். அதுதான் மலிவு. மாமாவின் விரல் அதன்மேல்தான் இருந்தது.

பதில் சொல்லும் முன் அவருக்கு ஒரு கதை சொன்னேன்.

ஒரு சொல் விட்டுப்போன ஞாயிறு

பத்தாண்டுகளுக்கு முன்பு, ஒரு ஞாயிறு மாலை. தேக்காவில் நண்பர்களுடன் பிரியாணி சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தின் துவாஸ் கிடங்கில் புதிய கேமராக்களுக்காக ஒரு ‘விலேன்’ சேர்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

விலேனை வீவக புளோக்கின் ஒரு மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டடம்தான், ஆனால் ஒவ்வொரு மாடிக்கும் தனிக் கதவுகள். ஸ்விட்சுகளுக்கு இடையே ஓடும் ‘டிரங்க்’ இணைப்புதான் லிஃப்ட். ‘12வது மாடியையும் சேர்’ என்று நான் கட்டளை தந்திருக்க வேண்டும். ‘ஆட்’ என்ற ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டேன். ‘இனி 12வது மாடியில் மட்டும் நில்’ என்று ஸ்விட்ச் புரிந்துகொண்டது. மறுவினாடி கிடங்கு முழுவதும் துண்டிக்கப்பட்டது. என் இணைப்பும் அதோடு போய்விட்டது.

சிராங்கூன் சாலையின் ஞாயிறு கூட்டத்தில் டாக்சி பிடித்து, துவாஸ் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரவு வேலைக்கு வந்தவர்கள் இயங்காத ஸ்கேனர்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வெளியே லாரிகள் வரிசை பிடித்திருந்தன. “அண்ணே, சரியாயிடுமா?” என்று ஒருவர் கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லை.

கடைசியில் ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். மாற்றத்தை நான் சேமித்திருக்கவில்லை என்பதால் பழைய கட்டமைப்பே திரும்பி வந்தது. மறுநாள் என் மூத்த பொறியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “கார்டுக்கு போன் போட்டு பிளக்கைப் பிடுங்கச் சொல்லியிருந்தாலே போதுமேடா!”

தவறு என்னுடையது. ஆனால் அன்றிலிருந்து எந்த ஸ்விட்சைப் பார்த்தாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்கிறேன்: நான் தவறு செய்தால் இது என்னைக் காப்பாற்றுமா? அதற்குப் பதில் பெட்டியில் இல்லை. உள்ளே ஓடும் இயங்குதளத்தில்தான் இருக்கிறது.

நான்கு பேர், நான்கு குணம்

சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 9000 வரிசை 2017ல் வந்தது. சிறிய அலுவலகத்துக்கு 9200, பெரிய அலுவலகத்துக்கு 9300, கட்டடத்தின் மையத்துக்கு 9500, 9600 எனப் படிகள் உண்டு. எல்லாவற்றிலும் ஐஓஎஸ் எக்ஸ்ஈ ஓடுகிறது. தரவு மையங்களுக்கான நெக்சஸ் வரிசையில் ஓடும் என்எக்ஸ்-ஓஎஸ் வேறு. சிஸ்கோ தெரிந்த ஆட்கள் எளிதில் கிடைப்பார்கள் என்பது பெரிய பலம். ஆனால் ஐஓஎஸ் எக்ஸ்ஈயில் வழக்கமாகக் கட்டளையைத் தட்டியவுடனே அது நடைமுறைக்கு வந்துவிடும். பின்வாங்கும் வசதிகள் இருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே அமைத்துவைப்பது நம் பொறுப்பு.

பிரதீப் சிந்து 1996ல் நிறுவிய ஜூனிபரின் ஜூனோஸ் நேர் எதிர். மாற்றங்கள் முதலில் வரைவாகவே இருக்கும். ‘கமிட்’ சொன்னால்தான் உயிர் பெறும். ‘கமிட் கன்ஃபர்ம்டு’ என்றால், 10 நிமிடங்களுக்குள் நாம் மீண்டும் உறுதிசெய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். அந்த ஞாயிறு என்னிடம் இது இருந்திருந்தால், டாக்சி பிடிக்கும் முன்பே கிடங்கு சரியாகியிருக்கும்.

அரூபாவின் சிஎக்ஸ் வரிசையில் ஏஓஎஸ்-சிஎக்ஸ் ஓடுகிறது. இதிலும் ‘செக்பாயிண்ட் ஆட்டோ’ என்று நேரம் குறித்துவிட்டு மாற்றம் செய்யலாம். ஒன்றைக் கவனியுங்கள்: ஏற்கெனவே அரூபாவைத் தன்வசம் வைத்திருந்த ஹெச்பிஈ, 2025 ஜூலையில் ஜூனிபரையும் வாங்கிவிட்டது. இரண்டு இயங்குதளங்களும் இப்போது ஒரே வீட்டுப் பிள்ளைகள். வாங்கும் மாடலுக்கு எத்தனை ஆண்டு ஆதரவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

அரிஸ்டா மாமாவுக்குத் தேவைப்படாது. ஆனால் தரவு மைய வேலை தேடும் இளையர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர். டெல்லியில் வளர்ந்து, சிஸ்கோவில் நீண்டகாலம் பணியாற்றிய ஜெயஸ்ரீ உல்லால் 2008 முதல் அதை வழிநடத்தி வருகிறார். சிறிய ஸ்விட்ச் முதல் பெரியது வரை ஒரே ஈஓஎஸ். வரைவு எழுதிப் பிறகு கமிட் செய்யும் வசதியும் உண்டு. அதன் கட்டளைகள் சிஸ்கோவுடையவைபோல் இருப்பதாக 2014ல் சிஸ்கோ வழக்குத் தொடுத்தது. காப்புரிமை வழக்குகளும் சேர்ந்து நீண்ட அந்தச் சண்டை, 2018ல் அரிஸ்டா 400 மில்லியன் அமெரிக்க டாலர் தந்து முடிந்தது. சிஸ்கோ படித்தவருக்கு அரிஸ்டா அந்நியமாகத் தெரியாது என்பது உண்மை.

மலிவின் விலை

“அப்போ அந்தப் பழைய பெட்டி?” மாமா விடவில்லை.

2025 ஜூலை 18ஆம் தேதி அமைச்சர் கா.சண்முகம், ‘யுஎன்சி3886’ என்ற குழு சிங்கப்பூரின் முக்கிய உள்கட்டமைப்பைத் தாக்கி வருவதாக வெளிப்படையாக அறிவித்தது நினைவிருக்கலாம். இதே குழு, ஆதரவுக் காலம் முடிந்த ஜூனிபர் ரௌட்டர்களுக்குள் ரகசியக் கதவுகள் வைத்திருந்ததை மேண்டியண்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச்சில் வெளியிட்டிருந்தது. ஒரு பிராண்டை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 2023 அக்டோபரில் ஐஓஎஸ் எக்ஸ்ஈயின் இணையவழி நிர்வாகப் பக்கத்தில் கண்டறியப்பட்ட ஓட்டைக்கு ஆபத்து மதிப்பெண் 10க்கு 10. ஆதரவு இருந்த கருவிகளுக்கு மருந்து வந்தது. ஆதரவு முடிந்த கருவிக்கு அப்படி மருந்து வரும் என்று நம்பியிருக்க முடியாது.

மளிகைக் கடையை யார் தாக்கப்போகிறார்கள் என்று நினைக்கலாம். கல்லாவும் கேமராவும் ஒரே ஸ்விட்சில் இருக்கும்போது, பூட்டு யாருடையது என்பதைத் திருடன் பார்ப்பதில்லை.

மாமாவுக்கு நான் எழுதிக் கொடுத்த கேள்விகள் நான்கு. எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்? தவறான மாற்றம் தானாகத் திரும்புமா? முதல் விலையுடன் உரிமச் சந்தா எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு? இரவு 11 மணிக்குக் கோளாறு என்றால் வரப்போகிற ஆளுக்கு இந்த இயங்குதளம் தெரியுமா? இந்த நான்குக்கும் யார் தெளிவாகப் பதில் சொல்கிறாரோ, அவரிடம் வாங்கலாம். பிராண்ட் அதற்குப் பிறகுதான்.

மாமா அப்போதே பழைய ஸ்விட்ச் விற்பவரைக் கைப்பேசியில் அழைத்து, முதல் கேள்வியைக் கேட்டார்.

“செக் பண்ணிச் சொல்றேன் அங்கிள்,” என்றது மறுமுனை.

இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் அழைப்பு வரவில்லை. அந்த விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் இப்போது பருப்புக் கணக்கு எழுதியிருக்கிறார் மாமா.