திட்ட மேலாளரும் பணியிடப் பண்பாடும்

நிறுவனங்களில் 'புராஜெக்ட் மேனேஜர்' என்று அழைக்கப்படும் திட்ட மேலாளர், ஒரு குறிப்பிட்ட பணியை உரிய காலத்திலும் செலவிலும் தரத்திலும் முடித்துத் தரும் பொறுப்பை ஏற்பவர் ஆவார். துறை மேலாளரின் பணி ஆண்டு முழுவதும் தொடரும். திட்ட மேலாளரின் பணிக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. தமக்குக் கீழ் இல்லாத பிற துறையினரையும் அவர் ஒருங்கிணைக்க வேண்டும்.

தேவை

திண்டுக்கல் மாவட்டத்தின் வடமதுரை, வேடசந்தூர் பகுதிகளில் நூற்பாலைகள் பல உள்ளன. ஓர் ஆலையில் புதிய நூற்பு இயந்திரங்களை நிறுவுவதாகக் கொள்வோம். தளம் போடுபவர், மின் பணியாளர், இயந்திரம் அனுப்பும் நிறுவனம், அதை இயக்கப் பழக வேண்டிய தொழிலாளர் என நான்கு தரப்பினர் இதில் உண்டு. தளம் முடியும் முன் இயந்திரம் வந்துவிட்டால் அதை வைக்க இடம் இராது. மின் இணைப்பு தாமதமானால் இயந்திரம் ஓடாது. இவ்வாறு, அவரவர் தம் வேலையைச் சரியாகச் செய்தும் மொத்தப் பணி தவறிப்போகலாம். ஒருவர் வேலை முடிந்து மற்றவர் வேலை தொடங்கும் இடங்களைக் கவனிப்பதே திட்ட மேலாளரின் முதற்கடமை.

பாம்பன் பாலம்

1964 டிசம்பர் 22-23 இரவில் வீசிய புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட இரும்பு உத்திரங்கள் கடலில் விழுந்தன. சீரமைக்க ரயில்வே 6 மாதம் குறித்தது. மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற பொறியாளர் இ. ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. மீனவர்களின் உதவியோடு உத்திரங்கள் கண்டறியப்பட்டு, மீட்கப்பட்டு, மீண்டும் பொருத்தப்பட்டன. 46 நாளில் பணி முடிந்தது. களத்தை அறிந்தவரின் சொல்லுக்குக் காது கொடுப்பதும் மேலாண்மையே என்பதற்கு இது சான்று.

பொறுப்பேற்றல்

1997 முதல் 2011 வரை ஸ்ரீதரன் தில்லி மெட்ரோ நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தார். கெடு முடிய இன்னும் எத்தனை நாள் உள்ளது என்று காட்டும் பலகைகள் பணியிடங்களில் வைக்கப்பட்டன. 2009 ஜூலை 12 அன்று ஜம்ருத்பூரில் கட்டுமானத்திலிருந்த மேம்பாலப் பகுதி இடிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அன்றே அவர் தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகல் கடிதம் அளித்தார். அரசு அதை ஏற்கவில்லை.

இந்த நிகழ்வு இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. கெடு எவ்வளவு முக்கியமானாலும் பாதுகாப்பு அதற்கும் மேலானது. அடுத்து, தலைமையில் இருப்பவர் பழியைக் கீழுள்ளவர் மீது தள்ளினால், ஊழியர்கள் குறைகளை மறைக்கத் தொடங்குவர். தலைமையே பொறுப்பேற்றால், "இது சரியில்லை" என்று முன்கூட்டியே சொல்லும் துணிவு அவர்களுக்கு வரும். முன்னதாகத் தெரிந்த குறையைத் திருத்த முடியும். மறைக்கப்பட்ட குறை விபத்தாகவோ நட்டமாகவோ வெளிப்படும்.

எனவே கால அட்டவணை தயாரிப்பதோடு திட்ட மேலாளரின் பணி முடிவதில்லை. ஊழியர்கள் அச்சமின்றி உண்மையைப் பேசும் சூழலை உருவாக்குவதில்தான் அவருடைய மதிப்பு அடங்கியுள்ளது.