வண்டியில் எதை, எப்போது மாற்றுவது?

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் குடியேறியிருக்கும் நம்மவரில் பலர் இன்று சொந்தமாக ஒரு மோட்டார் வண்டி வைத்திருக்கிறோம். கோடை விடுமுறையில் ரயிலில் இடம் கிடைக்காவிட்டால், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஊர் நோக்கிப் புறப்பட்டுவிடுகிறோம். டில்லியிலிருந்து மதுரைக்கு 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். அவ்வளவு தூரம் நம்மையும் நம் குழந்தைகளையும் சுமந்து செல்லும் யந்திரத்தில் எவை எவை காலப்போக்கில் கெடும், அவற்றை எப்போது மாற்றவேண்டும் என்பதை அறிந்திருக்கிறோமா?

நாமும் ஒரு காலத்தில் அறிந்திருக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், பிறர் ஓட்டிய பழைய வண்டி ஒன்றை வாங்கியிருந்தோம். கோடையில் குடும்பத்துடன் முசௌரிக்குச் சென்று, டேராடூனை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தே வந்தோம். பாதி வழியில் மிதிகட்டை பஞ்சுபோல் மெத்தென்று உள்ளே போயிற்று, வண்டி நிற்கவில்லை. பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள். நல்ல வேளையாகச் சாலை சற்றுச் சமமான இடம் வந்தது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, ஓரமாக நிறுத்தினோம். அரை மணி கழித்து மிதித்துப் பார்த்தபோது பிரேக் முன்போலவே இறுகியிருந்தது! பேய் வேலை போல் தோன்றிய இந்நிகழ்ச்சிக்குக் காரணம் மிக எளியது.

பிரேக் மிதியில் நாம் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்வது ஒரு திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் வகைத் திரவம், புதிதாயிருக்கையில் குறைந்தது 230 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 155 டிகிரிவரை இறங்கிவிடக்கூடும். மலை இறக்கத்தில் பிரேக்குகள் கடுமையாகச் சூடேறும்போது ஈரம் கலந்த திரவம் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகின்றன. திரவத்தை அழுத்திச் சுருக்க இயலாது. ஆவியையோ எளிதில் சுருக்கிவிடலாம். ஆகவே நம் கால் விசை முழுவதும் குமிழிகளை நசுக்குவதிலேயே வீணாகிறது. சூடு தணிந்ததும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் பிரேக்கும் திரும்பிவிடுகிறது.

இத்திரவத்தை, வண்டி அதிகம் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுமாறு பல உற்பத்தியாளர்கள் கூறுகிறார்கள். ஈரக்காற்று மிகுந்த மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் இருப்போர் இதைத் தள்ளிப்போடலாகாது. இன்னொன்று: இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் மிதிப்பதைவிட, ஏறுவதற்குத் தேவையான தாழ்ந்த கியரிலேயே இறங்குவது நன்று.

அடுத்தது என்ஜின் எண்ணெய். உராய்வைக் குறைப்பது மட்டுமே இதன் தொழில் என்று எண்ணிவிடக்கூடாது. உஷ்ணத்தைக் கடத்துவதும், கரியையும் அழுக்கையும் தன்னுள் ஏந்திக்கொள்வதும், துருவைத் தடுப்பதும் இதன் பணிகளே. இப்பணிகளுக்காக எண்ணெயில் கலந்துள்ள இரசாயனப் பொருள்கள் நாளடைவில் செலவழிந்துபோகின்றன. இந்தியாவில் விற்கப்படும் பெட்ரோல் வண்டிகள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அது, என்று கணக்கு. “எது முந்துகிறதோ” என்பதே முக்கியம். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு மூன்று கிலோமீட்டர் போய்வரும் வண்டி ஆண்டில் 2,000 கிலோமீட்டர்கூட ஓடாது. ஆயினும் அதன் எண்ணெய் கெடும். என்ஜின் முழுச் சூடு அடையுமுன்பே நிறுத்தப்படுவதால், நீர்த்துளிகளும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் தங்கிவிடுகின்றன. நெரிசலில் ஊர்வதும் தூசியில் ஓடுவதும் கடும் உபயோகமே என்று சொல்லி, இடைவெளியைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் கையேடுகளும் உண்டு.

எண்ணெய் கறுத்துவிட்டதே என்று அஞ்ச வேண்டியதில்லை. அழுக்கை ஏந்துவதால் அது கறுக்கிறது. டீசல் வண்டியில் வெகு விரைவிலேயே கறுத்துவிடும். அளவைத்தான் அடிக்கடி பார்க்கவேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, அளவுக்கோலைத் துடைத்துச் செருகி எடுத்தால் எண்ணெய் இரு குறிகளுக்கிடையே நிற்கவேண்டும். குறைவும் தீது, மிகுதியும் தீது. எண்ணெயை மாற்றும்போது அதன் வடிகட்டியையும் மாற்றிவிடுவதே முறை. பழைய வடிகட்டியில் தேங்கிய அழுக்கு புதிய எண்ணெயைக் கெடுக்கும் அன்றோ?

மூன்றாவது, ரேடியேட்டரில் சுழலும் கூலண்ட். இது வெறும் தண்ணீரன்று. பொதுவாக எதிலீன் கிளைக்கால் என்னும் பொருளும் துருத்தடுப்பிகளும் நீருடன் கலந்தது. சிம்லாவின் குளிரில் உறையாமலும், நாகபுரியின் வெயிலில் எளிதில் கொதிக்காமலும் இருக்க இக்கலவை உதவுகிறது. இதில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால், பருப்பு வேகாத உப்புத் தண்ணீர் கொதிகெண்டியில் படிவது போலவே ரேடியேட்டரிலும் படியும். குறைந்தால் கையேடு கூறும் கூலண்டையே வாங்கவேண்டும். அடர்கூலண்டாயின் காய்ச்சி வடித்த நீரில் கலக்கவேண்டும். மாற்றும் காலம் வகைக்கு வகை வேறுபடும். நிறத்தைக் கண்டு முடிவு செய்யாமல் கையேட்டைப் பார்ப்பதே தக்கது. சூடாயிருக்கும்போது மூடியைத் திறத்தல் கூடவே கூடாது. பிரஷர் குக்கரின் மூடியை ஆவி அடங்குமுன் திறப்பதற்கு ஒப்பான செயல் அது. கூலண்ட் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவேண்டும்.

இனி, காற்று வடிகட்டிகள் இரண்டு. ஒன்று என்ஜினுக்குச் செல்லும் காற்றை வடிப்பது. தூசி மிகுந்த டில்லியிலும் இராஜஸ்தானத்திலும் இது விரைவில் அடைபடும். ஒவ்வொரு பராமரிப்பின்போதும் சோதித்து, கையேட்டுக் காலத்துக்கு முன்பே அடைபட்டிருந்தால் மாற்றிவிடலாம். மற்றொன்று நாம் சுவாசிக்கும் காற்றை வடிப்பது. பெரும்பாலும் முன்னிருக்கைப் பெட்டியின் பின்னே ஒளிந்திருக்கும். குளிர்காலத்தில் டில்லியின் புகைமூட்டத்தில் வாழ்வோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதை மாற்றுவது குழந்தைகளின் நெஞ்சுக்கு நல்லது. டீசல் வண்டிக்காரர்கள் எரிபொருள் வடிகட்டியையும் மறக்கலாகாது. எரிபொருளிலுள்ள நீரைப் பிரித்து வைப்பது அதுவே. மின்சார வண்டிக்கு என்ஜின் எண்ணெய் வேண்டாம். ஆனால் பிரேக் திரவமும் காற்று வடிகட்டியும் அதற்கும் உண்டு.

முசௌரியிலிருந்து திரும்பியதும் பழைய பராமரிப்புச் சீட்டுகளை எடுத்துப் புரட்டினோம். ஒவ்வொன்றிலும் பிரேக் திரவத்துக்கு எதிரே ஒரு குறி இருந்தது. பட்டறையில் விசாரித்தபோது, “தேக் லியா தா” என்றார் மிஸ்திரி. பார்த்தது உண்மைதான், ‘பதல் தியா’ என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல் ஈடாகுமா என்று நாள் முழுதும் ஆராய்வதையே உத்தியோகமாகக் கொண்ட மொழிபெயர்ப்பாளராகிய நாம், பார்த்தலுக்கும் மாற்றலுக்கும் உள்ள வேற்றுமையை நம் வீட்டுச் சீட்டில் கவனிக்கத் தவறினோம்! அவர்மீது குறை சொல்ல நமக்கு நா எழவில்லை.

ஆகவே, பட்டறையில் மூன்று வினாக்கள் கேட்போம். பார்த்தீர்களா, குறைந்ததைக் கூட்டி நிரப்பினீர்களா, அல்லது முழுவதும் மாற்றினீர்களா? மாற்றிய பழைய வடிகட்டியைக் காட்டச் சொல்வோம். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் நம் மொழியிலேயே குறித்து வைப்போம். நெடும் பிரயாணத்துக்கு முன்தினம் அன்று, பத்து நாள் முன்னதாகவே பராமரிப்பை முடித்துக்கொண்டால், ஏதேனும் கசிவு இருப்பினும் உள்ளூரிலேயே தெரிந்துவிடும்.

இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. ஊரில் வாசலில் நின்று நம்மை எதிர்நோக்கும் பெற்றோருக்கு நாம் நலமாய் வந்து சேர்வதைவிடப் பெரிய பரிசு வேறில்லை.