கிணற்று நீரும் மிளிர்வுத் திரவமும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் வாழும் தமிழ் நேயர்களுக்குக் கடற்கரைக் கருமணல் புதிதன்று. தெற்கே மணவாளக்குறிச்சி, வடக்கே கொல்லத்தையும் கடந்து சவரா; இவ்விரு கரைகளிலும் மோனசைட் என்னும் கனிமம் மணலோடு கலந்து கிடக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் அதனை 1909ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர். அதில் தோரியம் மிகுதி. யுரேனியமும் சிறிது உண்டு. இரண்டும் கதிரியக்கம் உடையவை. "எங்கள் கிணற்று நீரிலும் அது இருக்குமோ?" என்று இப்பகுதியினர் ஐயுற்றால், அது வீண் அச்சமன்று, அளந்து பார்த்தே விடை கூறத்தக்க வினா.

யுரேனியத்தின் வழித்தோன்றலான ரேடான் என்னும் வாயு நிலத்தடி நீரில் கரையும். அதற்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. தோரியத்தின் வழிவந்த தோரான் ஏறத்தாழ 56 வினாடிகளில் பாதியாகிவிடும்; ரேடான் பாதியாவதற்கோ 3.8 நாட்கள் ஆகும். ஆகவே ஆய்வுக்கூடம் சேரும்வரை நீரில் எஞ்சுவது ரேடானே.

அதனை அளப்பது எங்ஙனம்? கதிர் பட்டால் நொடிப்பொழுது ஒளிரும் பொருள்கள் சில உள. ஒரு லிட்டர் கரைப்பானில் அத்தகைய பொருள் சில கிராம் கரைந்ததே மிளிர்வுத் திரவம். கதிரின் ஆற்றலை முதலில் ஏற்பது கரைப்பான். அதுவே ஒளிரும் பொருளுக்கு அதனைக் கைமாற்றுகிறது. எழும் மின்னல்களை ஒளிப்பெருக்கிக் குழாய் எண்ணுகிறது.

கைமாற்றும் இத்திறன் பென்சீன் வளையம் கொண்ட திரவங்களுக்கே சிறப்பாக உண்டு. தெளிவாயிருக்கிறதே என்று அசிட்டோனை ஊற்றினால், அது ஒளியை அவித்துவிடும்; எண்ணிக்கை குறையும்; தீய நீரும் நல்ல நீராகத் தோன்றும். கரைப்பானின் தேர்வில் நேரும் பிழை ஒரு குடும்பத்தின் குடிநீரைப் பற்றிய பிழையாக முடியும்.

வண்ணப்பூச்சுத் தின்னரில் மணக்கும் டொலுயீன் பழமையான கரைப்பான். ரேடான் நீரைவிட அதில் பன்மடங்கு எளிதாகக் கரையும். நீரோடு சேர்த்துக் குலுக்கினால், மேலே மிதக்கும் டொலுயீனுக்கு ரேடான் ஏறிவிடும். சுமார் மூன்று மணி நேரம் கழித்து எண்ணலாம். ஆனால் 4 டிகிரி செல்சியசிலேயே அதன் ஆவி தீப்பற்றக்கூடும். நம் நாட்டு வெயிலுக்கு அது ஆபத்தானது. பிளாஸ்டிக் குப்பியின் சுவரையும் அவ்வாவி ஊடுருவிச் செல்லும். கண்ணாடிக் குப்பியை நாடினால், கண்ணாடியிலுள்ள பொட்டாசியத்திற்கும் கதிரியக்கம் உண்டு. பொட்டாசியம் குறைந்த கண்ணாடியே வேண்டும்.

இன்று பலர் விரும்புவது லீனியர் ஆல்கைல் பென்சீன். சென்னையை அடுத்த மணலியில் சலவைத்தூளின் மூலப்பொருளாகச் செய்யப்படுவதும் இதுவே. இதன் ஆவி 130 டிகிரிக்கு மேல்தான் தீப்பற்றும். ஒளியை நெடுந்தொலைவு தடையின்றி விடுவதால், 2025ஆம் ஆண்டில் சீனாவில் இயங்கத் தொடங்கிய ஜூனோ நியூட்ரினோ ஆய்வகம் இதை அடிப்படையாகக் கொண்ட 20,000 டன் திரவத்தை நிரப்பியுள்ளது. சிறு குப்பிக்கு அத்தெளிவு அவ்வளவு இன்றியமையாததன்று. அங்கே ஒளிமிகுதியும் ரேடானை ஈர்க்கும் திறனும் பெரிது. வேலைக்கேற்ற கரைப்பான் என்பதே விதி.

நேயர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. சோதனைக்கு நீர் எடுக்கும்போது சலசலக்க ஊற்றாதீர்கள். குப்பியை நீருக்குள்ளேயே அமிழ்த்தி, விளிம்புவரை நிரப்பி, காற்றுக்குமிழி இன்றி மூடுங்கள். இல்லையேல் ரேடான் வழியிலேயே பறந்துவிடும். எத்துணை நல்ல கரைப்பானும் இல்லாததை எண்ண இயலாது.