தாதுவோடு வரும் வெறும் பாறை

தங்கச் சுரங்கத்தில் வரவு கிராமில், செலவு டன்னில். பாறையை வெடிவைத்துப் பெயர்த்து, மேலே ஏற்றி, அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைக்கும் செலவு, அதில் தங்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான். தாதுவோடு பக்கத்துப் பாறை கலந்து தரம் நீர்த்துப்போவது லாபத்தை அரிப்பது இதனால்தான்.

நாளுக்கு 100 டன் அரைக்கும் ஆலைக்கு, டன்னுக்கு 8 கிராம் தங்கமுள்ள தாது வருவதாகக் கொள்ளலாம். டன்னுக்கு 0.4 கிராம் பிரித்தெடுக்க முடியாமல் கழிவில் போக, 760 கிராம் கிடைக்கும். செலவு 500 கிராம் தங்கத்தின் விலை என்றால் மிச்சம் 260 கிராம். இனி, 100 டன் தாதுவோடு 25 டன் வெறும் பாறை கலந்தால் தரம் 6.4 கிராமுக்கு இறங்குகிறது. ஆலை அதே 100 டன்னைத்தான் அரைக்கும். கழிவில் போவதும் பெரிதாகக் குறையாது. கிடைப்பது 600 கிராம், மிச்சம் 100. ஐந்தில் ஒரு பங்கு தரம் குறைந்ததற்கு லாபத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்க வயலில், தங்கம் மெல்லிய குவார்ட்ஸ் படிவுகளில் இருந்தது. படிவு அரை மீட்டர்தான் என்றாலும் ஆள் புகுந்து துளையிட ஒரு மீட்டராவது வெட்டியாக வேண்டும். அங்கேயே தரம் பாதியாகிவிடும். 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய அந்த வயலில், பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறும் விபத்துகள் உயிர்களைக் குடித்தன. வெட்டிய இடத்தின் சுவர்களையும் சரித்தன. தொடக்க காலத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது ஏறக்குறைய 3 கிராமுக்கு வந்திருந்தது. பழி முழுவதையும் கலப்பின் மேல் போட முடியாது. வளமான பகுதிகள் தீர்ந்திருந்தன. ஆழத்தில் காற்று, குளிரூட்டல், பாறையை மேலேற்றுதல் எல்லாமே செலவைக் கூட்டின. இத்தனை குறைந்த தரத்தில், கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு வெறும் டன்னும் தாங்க முடியாத சுமை.

கலப்பைக் குறைக்க, துளைகளை நேராகப் போடுவார்கள். படிவின் ஓரத்தில் வெடிமருந்தைக் குறைப்பார்கள். வெட்டி முடித்த வெற்றிடத்தை நிரப்புவார்கள். அளவுக்கு மீறி ஒடுக்கி வெட்டினால் நல்ல தாதுவே சுவரில் நின்றுவிடும். அகலமாக வெட்டிப் பெரிய இயந்திரங்களை இறக்கினால் கலப்பு கூடும், ஆனால் டன்னுக்கான செலவு குறையும். எது கட்டுப்படியாகும் என்பது ஒவ்வொரு படிவுக்கும் மாறுவதால், இன்றைய சுரங்கங்களில் வெட்டி முடித்த குடைவை லேசர் கருவியால் அளந்து, திட்டமிட்ட எல்லையைத் தாண்டி எவ்வளவு பாறை விழுந்தது, எவ்வளவு தாது விட்டுப்போனது என்று ஒப்பிட்டு, அடுத்த வெட்டின் அகலத்தை முடிவு செய்கிறார்கள்.