குளிரிலும் உழைப்பிலும் உடலின் சூடு

மார்கழி பிறந்ததும், டில்லியில் வாழும் நம்மவர் வீடுகளில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் பெரியவர் விடியற்காலையில் உலாவப் புறப்படுகிறார். வீட்டார் இரண்டு ஸ்வெட்டர்களும் மப்ளரும் அணிவித்து அனுப்புகின்றனர். அரை மணி நேரம் விரைந்து நடந்தபின் அவருக்கு வியர்த்துவிடுகிறது. மேல் ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பூங்காப் பெஞ்சியில் அமர்ந்து நண்பர்களுடன் அளவளாவுகிறார். அவருக்குக் குளிரே தெரியவில்லை. உண்மையில், அவர் தம் உடற்சூட்டை விரைவாக இழந்துகொண்டிருக்கும் நேரம் அதுவே.

இதை விளங்கிக்கொள்ள அடிப்படையான செய்தி ஒன்றை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். கம்பளி சூடு தருவதில்லை. சூட்டை உண்டாக்குவது உடல். கம்பளி தன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி, அச்சூடு வெளியேறாமல் தடுக்கிறது. அவ்வளவே. வெளியே 5 டிகிரியாயினும் 45 டிகிரியாயினும், உடலின் உட்பகுதி ஏறத்தாழ 37 டிகிரி சென்டிகிரேடில் நிலைத்திருக்க வேண்டும். இதைக் கண்காணிப்பது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு உறுப்பு.

குளிர் தாக்கியவுடன், அதன் ஆணையால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்தம் உள்ளுறுப்புக்களின் பக்கம் ஒதுங்குகிறது. விரல்கள் வெளிறிச் சில்லிடுகின்றன. விரல்களைச் சிறிது பட்டினி போட்டு, இதயத்தையும் மூளையையும் காக்கும் சிக்கனம் இது. உள்ளே இரத்தம் மிகுந்துவிட்டதாகக் கொண்டு சிறுநீரகங்கள் நீரைக் கூடுதலாகப் பிரிக்கின்றன. குளிர்காலத்தில் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்வது பெரும்பாலும் இதனால்தான். அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது தவறு. மயிர்க்கூச்செறிவதோ அடர்ந்த உரோமமுள்ள பிராணிகளுக்கே பயன்படும். நமக்கு அது சொத்துப் போனபின் எஞ்சிய பத்திரம் போன்றது.

இவை போதாதபோது நடுக்கம் தொடங்குகிறது. தசைகள் வேறு வேலை எதுவுமின்றித் துடித்து, ஓய்வு நிலையைவிடப் பல மடங்கு சூட்டைத் தருகின்றன. கைக்குழந்தைகளுக்கு நடுக்கம் சரிவர வராது. கழுத்திலும் தோள்களுக்கிடையிலும் உள்ள பழுப்புக் கொழுப்பே எரிந்து அவர்களைக் காக்கிறது.

உழைக்கும் தசையும் சூட்டை உண்டாக்குவதே. அது செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே நடையாகவும் ஓட்டமாகவும் மாறுகிறது, எஞ்சியது சூடு. ஆகவே விரைந்து நடப்பவருக்கு, பனிக்காலத்திலும், சூட்டை வெளியேற்றுவதே உடலின் கவலையாகிவிடுகிறது. தோலின் குழாய்கள் விரிகின்றன, வியர்வை பெருகுகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது.

நடை நின்றதும் சூடு உற்பத்தி சில நிமிஷங்களில் தணிந்துவிடுகிறது. ஈரச் சட்டையோ தன் வேலையை நிறுத்துவதில்லை. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். தோலில் இன்னும் வெதுவெதுப்பான இரத்தம் ஓடுவதால் குளிர் உணர்வு தாமதித்தே வருகிறது. பெஞ்சியில் அமர்ந்த பெரியவரின் நிலை இதுவே. மது தரும் கதகதப்பும் இத்தகைய பொய்தான்: தோலின் குழாய்கள் விரிய, உட்சூடு வெளியே போகிறது.

எனவே, புறப்படும்போது சற்றே குளிரும் அளவுக்கு உடுத்துவது நல்லது. உடல் சூடேறியதும், வியர்க்குமுன்பே, பொத்தான்களைத் திறந்துவிட்டு, நின்றதும் மூடிக்கொள்ள வேண்டும். வீடு திரும்பியதும் முதல் வேலை உட்சட்டையை மாற்றுவது. காப்பி அதன் பின்னரே.

முதியோருக்குக் குளிரை உணரும் திறனே மங்கிவிடுவதுண்டு; நடுக்கமும் மந்தமாகிறது. "எனக்கொன்றும் குளிரவில்லை" என்று அப்பா சொன்னால், அவருடைய வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது நலம். கை சில்லிட்டிருப்பது இயல்பு. வயிறு சில்லிட்டிருப்பது இயல்பன்று. உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது ஆபத்து. பேச்சுக் குழறுதலும், தள்ளாட்டமும், வேளையல்லாத வேளையில் தூக்கமும் அதன் அறிகுறிகள். உடல் சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால், தேறிவிட்டார் என்று எண்ணலாகாது. ஈர உடையைக் களைந்து, உலர்ந்த போர்வையால் தலையையும் மார்பையும் நன்கு போர்த்தி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மூடிய அறைக்குள் கரியடுப்பைக் கொண்டுவருதல் மட்டும் கூடவே கூடாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடு, மணமேதுமின்றி, உறங்குபவரைக் கொல்லும்.