சட்டம் மாறிடுச்சு, உங்க செல்போனில் இருப்பது எது?

கணவர் வீட்டுக் கொடுமைக்கு எந்தப் பிரிவு என்று செல்போனில் தேடிப் பாருங்கள். 498ஏ என்றுதான் பல வீடியோக்கள் இன்னும் சொல்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. அதில் இதே குற்றம் 85, 86-ஆம் பிரிவுகளில் வருகிறது. ஆனால், அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். அதனால சம்பவம் நடந்த தேதியை முதல்ல குறிச்சு வச்சுக்கோங்க.

சட்டத்தின் மூலத்தைப் படிக்க, மத்திய அரசின் ‘இந்தியா கோட்’ இணையதளம் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டங்களும் அதில் உண்டு; கட்டணம் இல்லை. பெரும்பாலும் ஆங்கிலம் என்பதுதான் சிரமம். புத்தகமாகப் படிக்க விரும்பும் மதுரைக்காரர்கள் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். கையில் எடுத்ததும் அச்சிட்ட ஆண்டைப் பாருங்க. குற்றவியல் சட்ட நூல் 2024-க்கு முந்தையது என்றால், பிரிவு எண்களை அப்படியே நம்ப வேண்டாம்.

ஜீவனாம்சம் கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். பழைய 125-ஆம் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. கல்யாணம் சென்னையில் நடந்தது, அவர் இருப்பது கோவையில், நீங்கள் இருப்பது மதுரை அம்மா வீட்டில். அப்படியென்றால் மதுரையிலேயே மனு போடலாம். கோவைக்கு அலைய வேண்டியதில்லை. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து முடிந்தவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பிள்ளைகள் கைவிட்ட பெற்றோரும் இதே பிரிவில், தாங்கள் வசிக்கும் ஊரிலேயே கேட்கலாம்.

போலீஸ் புகாருக்கும் எல்லைப் பிரச்சினை கிடையாது. வாடிப்பட்டியில் நடந்ததை மதுரை நகர ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். "எங்க லிமிட் இல்லை" என்ற பதில் சட்டப்படி செல்லாது. ஆன்லைனில் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்ற வழக்குகள் மட்டும் அங்கே இருக்காது.

வழக்கு கோர்ட்டுக்குப் போன பிறகு 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வக்கீலிடம் கேட்டு வாங்குங்க. ‘இ-கோர்ட்ஸ்’ செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும். வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100-க்கு போன் பண்ணுங்க, இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது.