சுவரில் தொங்குது 2000!

உங்க ஹாஸ்டல் ரூம் சுவர்ல என்ன ஒட்டியிருக்கீங்க பாஸ்? தோனி? பைக்? அரியர் எக்ஸாம் டைம்டேபிள்?

எங்க ரூம்ல ஒரு வகுப்பறை தொங்குது. வாத்தியார் தடித்தடி புத்தகங்களா எடுத்து ஒரு மெஷினுக்குள்ள போடுறார். அது அரைச்ச அறிவு ஒயர் வழியா போய் பசங்க காதுக்குள்ள இறங்குது. செமஸ்டருக்கு முந்தின ராத்திரி நாம கனவு காண்கிற அதே மெஷின்!

வரைந்தது நம்ம அரியர் பார்ட்டி யாரும் இல்லை, பிரான்ஸ் ஓவியர்கள். 2000-ம் ஆண்டில் உலகம் எப்படி இருக்கும் என்று 1899 முதல் 1910 வரை ஜான்-மார்க் கோத்தே உள்ளிட்ட சிலர் சின்னச் சின்ன அட்டைகளில் வரைந்து தள்ளியிருக்கிறார்கள். பல வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்தவை, 1986-ல் சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 'ஃபியூச்சர்டேஸ்' என்று புத்தகமாகப் போட்டதும் ஃபேமஸ் ஆகிவிட்டன. காப்பிரைட் காலமும் முடிந்துவிட்டதால், இப்போ பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி, 'விண்டேஜ் வால் டெகார்'னு ஆன்லைன்ல விற்கிறாங்க. காசு கொடுத்து ஏமாறாதீங்க. விக்கிமீடியா காமன்ஸ்ல படம் ஃப்ரீ. காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையில ஒரு கலர் பிரிண்ட், மேட்டர் ஓவர்!

சில படங்கள் செம காமெடி. இறக்கை கட்டிப் பறக்கிற தீயணைப்பு வீரர்கள், திமிங்கிலம் இழுக்கிற கடல் பஸ், ரேடியத்துல குளிர் காய்கிற குடும்பம் (ஐயோ!). சிலது அப்படியே பலிச்சிருக்கு. திரையில் தெரிகிற பெண்ணோடு ஒருத்தர் உட்கார்ந்து பேசுறார். வீடியோ கால்! நம்ம பாரதி மட்டும் சும்மாவா? காசியில் புலவர் பேசுவதைக் காஞ்சியில் கேட்க ஒரு கருவி கேட்டவராச்சே. அந்தக் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல, ஸ்ரீபெரும்புதூர்ல, 2006-ல் நோக்கியா ஃபேக்டரி வந்தது. 2014-ல் மூடியும்விட்டார்கள். மூடுவிழாவை எந்த ஓவியரும் வரையலை.

பிரெஞ்சுக்காரர்கள் கனவு கண்ட அந்த 2000-ல் இங்கே என்ன நடந்தது தெரியுமா? பிரான்ஸின் செயின்ட்-கோபைன் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடித் தயாரிப்பைத் தொடங்கியது. பறக்கத்தான் முடியலை, ஜன்னலாவது கிடைச்சுது!

விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் ஒரகடம் பக்கம் ஒரு கார் தொழிற்சாலைக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனோம். ரோபோ கைகள் வெல்டிங் அடிக்க, தீப்பொறி பறக்க, நாங்க வாயைப் பிளந்து நின்னோம். திரும்பி வந்து அந்த வகுப்பறைப் படத்தைப் பார்த்த என் ரூம்மேட் கேட்டான்: "மச்சான், ஓரத்துல ஒருத்தன் மட்டும் ஏன்டா கைப்பிடியைச் சுத்திக்கிட்டிருக்கான்?"

அட, ஆமா! ஒரு வருஷமா சுவர்ல இருக்கு, நான் கவனிக்கவே இல்லை. வகுப்பே உட்கார்ந்து படிக்குது. ஒரு பையன் மட்டும் மெஷினைச் சுத்துறான். அவன் காதுக்கு ஒயர் இல்லை. இன்னொரு படத்துல தரை துடைக்க எலக்ட்ரிக் மெஷின் வந்தாச்சு. ஆனா அதை இயக்குறது அதே ஏப்ரன் கட்டிய வேலைக்காரப் பெண். மெஷினை யோசிச்சவங்க, அதைச் சுத்துறவங்க மாறுவாங்கன்னு யோசிக்கவே இல்லை பாருங்க.

இங்கே கைப்பிடி யார் கையில்? வல்லம் வடகாலில் சிப்காட் 706.5 கோடி ரூபாயில் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் அசெம்பிள் செய்கிறவர்களுக்காகக் கட்டியது. பலர் நம்ம வயசு. வீட்டை விட்டு வந்து, ஷிஃப்ட் பஸ் ஏறி, சொந்தச் சம்பளம் வாங்குற இத்தனை பெண்களை 1900-ல் எந்தத் தூரிகையும் கற்பனை பண்ணலை. நாம அடுத்த வருஷம் பிளேஸ்மென்ட்டில் உள்ளே போனா, அவங்களுக்குப் பக்கத்துலதான் நிற்கப் போறோம். காதுல ஒயரோடயா, கையில கைப்பிடியோடயா? எனக்கு இன்னும் தெரியலை.

இப்போ 'ஒரகடம் 2100'னு நானே ஒரு படம் வரைய ஆரம்பிச்சிருக்கேன். பறக்கும் ஷிஃப்ட் பஸ் அஞ்சே நிமிஷத்துல வந்திருச்சு. உள்ளே யாரெல்லாம் உட்கார்ந்திருக்காங்கன்னு வரையத்தான் ரப்பர் தேய்ஞ்சுக்கிட்டிருக்கு!